குடிநீர்க் குழாயில் காவல் எங்கே?

வாய்க்காலில் ஓடும் நீரைக் காவல் செய்வது வன்னி மக்களுக்குப் புதிதன்று. காலபோகத்திலும் சிறுபோகத்திலும் குளத்துத் துருசு திறக்கப்பட்டதும் வட்டவிதானையார் குளக்கட்டின்மேல் அமர்ந்துவிடுவதில்லை. கிளைவாய்க்கால் பிரியும் இடம், கரை உடையக்கூடிய இடம், நீர் சென்று சேரும் கடைசி வயல் என்று சில இடங்களை அவர் அறிவார். அவ்விடங்களை நோக்கியே அவர் கால்கள் செல்லும். ஒருவர் ஒரே வேளையில் எல்லா இடத்திலும் நிற்க இயலாதாகையால், எங்கே நிற்பது என்று தெரிந்துகொள்வதே அவருடைய தொழிலின் நுட்பமாகும்.

குழாய்வழி வரும் குடிநீருக்கும் இத்தகைய காவல் வேண்டும். ஆனால் வாய்க்கால் நீர் கண்ணுக்குத் தெரியும். குழாய் நீரோ மண்ணுக்கடியில் மறைந்து செல்வது. அது எங்கே தேங்குகிறது, எங்கே அதனுள் அழுக்கு நுழைகிறது என்பதை மேலே நடந்து செல்பவர் அறியார். ஆதலால் குழாயினுள்ளே உணர்கருவிகளைப் பொருத்தி, நீரின் தன்மையை இரவும் பகலும் அளந்தறியும் முறை உலகின் பல நாடுகளில் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. கருவி விலை உயர்ந்தது; அதனைப் பேணுவது அதனினும் கடினம். நூற்றுக்கணக்கான குழாய்ச் சந்திகள் உள்ள ஊருக்கு இரண்டோ மூன்றோ கருவிகளே கிடைக்கும். அவற்றை எங்கே வைப்பது?

வன்னியில் இவ்வினா இப்பொழுதே கேட்கப்பட வேண்டியதாகும். தலைமுறை தலைமுறையாகக் கிணற்று நீரை உண்டு வாழ்ந்த இப்பெருநிலத்தில் குழாய் நீர் பரவலாக வந்தது அண்மைக் காலத்திலேதான். கிளிநொச்சியில், போரின் இறுதிக் காலத்தில் வீழ்த்தப்பட்ட பெரிய தண்ணீர்த் தாங்கி வீதியோரத்தில் பல ஆண்டுகள் சரிந்து கிடந்ததை ஏ-9 வீதியாற் சென்றோர் மறந்திரார். வவுனியா நகருக்குப் பேராற்றில் நீர்த்தேக்கம் அமைத்துக் குழாய்வழி நீர் வழங்கும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் நிறைவேறியது. புதிய குழாய்கள் புதைக்கப்படும் காலமே கருவிக்கு இடம் தேர்வதற்கும் ஏற்ற காலம். வீதியைப் போட்டு முடித்தபின் மீண்டும் தோண்டுவதன் அருமையை வீதியோரத்தில் குடியிருப்போர் நன்கு அறிவர்.

இடத்தைப் பற்றிப் பேசுமுன், கருவி எதைக் காணும் எதைக் காணாது என்று தெளிதல் நன்று. நோய்க்கிருமியை நேரே கண்டு சில நிமிடங்களில் அறிவிக்கக்கூடிய கருவி பொதுவழக்கில் இல்லை. ஈ கோலை என்னும் கிருமிக்கான சோதனை ஆய்வுகூடத்தில் ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். குழாயில் வைக்கும் கருவிகள் எஞ்சிய குளோரீன், கலங்கல்தன்மை, அமிலகாரத் தன்மை, மின்கடத்துதிறன், வெப்பநிலை ஆகியவற்றையே அளக்கின்றன. இவற்றுள் குளோரீன் தலையாயது. குழாயினுள் அழுக்குப் புகுந்தால் அதனோடு போராடிக் குளோரீன் குறைந்துவிடும். ஆகவே அதன் அளவு திடீரென வீழ்ந்தால் ஏதோ நுழைந்திருக்கிறது என்று ஐயுறலாம். நீர் மக்களைச் சேரும் இடத்தில் ஒரு லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரீனாவது எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

வவுனியாவின் பல பகுதிக் கிணறுகளில் கடினத்தன்மையும் புளோரைட்டும் மிகுந்திருக்கின்றன. காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயும் அம்மாவட்டத்தில் உண்டு. அதனால் உணர்கருவி என்றதும், இக்கேடுகளை அது காட்டிவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் பொருந்தாது. புளோரைட்டு மணிக்கு மணி மாறுவதன்று. குறித்த கால இடைவெளியில் நீரை எடுத்து ஆய்வுகூடத்திற் சோதித்தாலே போதும். மெல்ல வரும் கேட்டுக்கு ஆய்வுகூடம், திடீரென வரும் கேட்டுக்குக் கருவி என்று பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். இப்பிரிவினையை மறந்தால், இருக்கின்ற சிறு பணமும் வேண்டாத இடத்திற் செலவாகும்.

திடீர்க் கேடுகள் இருவகையின. ஒன்று, ஊற்றிலேயே நேர்வது. மற்றது, வழியில் நேர்வது. இரண்டுக்கும் உலகறிந்த சான்றுகள் உள.

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கேட்டன் என்றொரு சிற்றூர். மக்கள் ஐயாயிரம் பேரளவில். 2000-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாளையொட்டிப் பெய்த பெருமழையின்போது, ஊருக்கு நீர் தந்த கிணறுகளுள் ஒன்றில், அயலிலுள்ள பண்ணை நிலத்தின் மாட்டுச் சாணக் கழிவு கலந்தது. நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு மக்களுக்கு அறிவித்தல் விடுக்கப்பட்டது மே 21-ஆம் நாளில்தான். இடைப்பட்ட நாட்களில் ஊரார் அந்நீரையே அருந்தினர். 2,300-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஏழு பேர் இறந்தனர். பின்னர் நீதிபதி டெனிஸ் ஓ'கொனர் தலைமையில் நடந்த விசாரணை, அந்தக் கிணற்றடியில் குளோரீனையும் கலங்கலையும் இடையறாது அளக்கும் கருவி இருந்திருப்பின் இந்நோய்ப்பரவலைத் தடுத்திருக்கலாம் என்று முடிவுகண்டது. அங்கே பணியாளர் குளோரீன் அளவைச் சரிவர அளவாமலே பதிவேட்டில் எண்களை எழுதிவந்தனர் என்பதும் அவ்விசாரணையில் வெளிப்பட்டது. கருவிக்குச் சோம்பல் இல்லை என்பது உண்மையே. எனினும் அதன் எண்ணைப் படிப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும்.

பின்லாந்து நாட்டின் நொக்கியா நகரில் நடந்தது வேறு. 2007-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் குடிநீர்க் குழாயையும் வெளியேறும் கழிவுநீரையும் இணைத்திருந்த ஒரு வால்வு திறந்தபடி விடப்பட்டது. கழிவுநீர் குடிநீர்க் குழாயுட் புகுந்தது. எண்ணாயிரம் பேருக்கு மேல் வயிற்றுநோயுற்றனர். ஊற்றில் எக்குறையும் இருக்கவில்லை. கருவி ஊற்றடியில் மட்டும் இருந்திருந்தால், நகரமே நோயுற்றபோதும் அது நீர் நன்று என்றே காட்டிக்கொண்டிருந்திருக்கும். நீரின் நிறமும் மணமும் சுவையும் வேறுபட்டதை வீட்டிலிருந்தவர்களே கண்டு முறையிட்டனர்.

வோக்கேட்டன் ஊற்றடியில் வை என்கிறது. நொக்கியா ஊருக்குள் வை என்கிறது. இருக்கும் கருவியோ சில. இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கினால் விடயத்தை விளக்கலாம்.

ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். உயர்ந்த நீர்த்தாங்கி ஒன்று. அதிலிருந்து வரும் பெருங்குழாய் ஒரு மணி நேரத்தில் நகரச் சந்தியை அடைகிறது. சந்தியைச் சுற்றி 600 வீடுகள். சந்தியிலிருந்து ஒரு கிளை வைத்தியசாலை வீதிக்குச் செல்கிறது. அங்கே 250 வீடுகள். தாங்கியிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். மற்றொரு கிளை வயல்களையும் பாலத்தையும் கடந்து ஒரு குடியேற்றக் கிராமத்துக்குச் செல்கிறது. அங்கே 150 வீடுகள். ஒன்பது மணி நேரப் பயணம்.

தாங்கியில் கேடு நேர்ந்தால், தாங்கியடியில் உள்ள கருவி உடனே சொல்லும்; ஆயிரம் வீடும் தப்பும். சந்தியில் உள்ள கருவி ஒரு மணி நேரம் கழித்துச் சொல்லும். நகரத்தார் சிலர் குடித்திருப்பர், ஏனைய 400 வீடுகளும் தப்பும். கிராமத்தின் கடைக்கோடியில் உள்ள கருவியோ ஒன்பது மணி நேரம் கழித்துச் சொல்லும். அதற்குள் எல்லாரும் குடித்துவிட்டிருப்பர். இதுகொண்டு, மேலே செல்லச் செல்ல நன்மை என்று முடிவுகட்டலாமா? பாலத்தருகே குழாய் வெடித்துச் சேற்றுநீர் புகுமாயின், தாங்கிக் கருவிக்கும் சந்திக் கருவிக்கும் அது தெரியவே தெரியாது. நீர் மேல்நோக்கிச் சென்று செய்தி சொல்வதில்லை. கடைக்கோடிக் கருவி ஒன்றே அதனை அறியும். மேலிருப்பது விரைவில் அறியும், ஆனால் சிலவற்றையே அறியும். கீழிருப்பது பலவற்றை அறியும், ஆனால் தாமதித்து அறியும். இடந்தேர்தலில் உள்ள இக்கட்டு இதுவே.

இனி இரண்டாம் கருவி. முதலாவதைத் தாங்கியடியில் வைத்தாயிற்று என்போம். தனித்தனியே மதிப்பிட்டால் சந்தி அடுத்த சிறந்த இடமாகத் தோன்றும். ஆனால் சந்தி காண்பவற்றுட் பெரும்பகுதியைத் தாங்கிக் கருவி முன்னரே கண்டுவிடுகிறது. ஆகவே இரண்டாவது கருவி, முதலாவது காணாதவற்றுள் மிகுதியானதைக் காணும் இடத்துக்குச் செல்ல வேண்டும். மூன்றாவது, முன்னிரண்டும் காணாததைக் காண வேண்டும். இவ்வாறு ஒவ்வொன்றாகத் தேர்ந்து செல்லும் எளிய முறைக்குக் கணித வலிமையும் உண்டு. கருவி கூடக்கூட அடுத்த கருவியால் வரும் பயன் குறைந்துசெல்லும் இத்தகைய கணக்குகளில், இம்முறையாற் கிடைக்கும் பயன், ஆகச்சிறந்த தேர்வின் பயனில் நூற்றுக்கு 63 பங்குக்குக் குறையாது என்று 1978-ஆம் ஆண்டில் நெம்ஹாசர், உல்சி, பிஷர் என்னும் அறிஞர் மூவர் நிறுவினர். ஆகச்சிறந்ததைத் தேடுவதோ பெரும்பாடு: 130 சந்திகளில் ஐந்தைத் தெரிவுசெய்யும் வழிகளே 28 கோடிக்கு மேல் உள்ளன.

நம் கற்பனை ஊரில் இரண்டாம் கருவி எங்கே செல்லும்? தலைகளை எண்ணினால் வைத்தியசாலை வீதிக்கு 250, கிராமத்துக்கு 150. வைத்தியசாலை வீதி வெல்லும். ஆனால் கிராமத்துக் குழாய் நீளமானது, வயலும் பாலமும் கடப்பது, அடிக்கடி உடைவது. வைத்தியசாலை வீதியில் ஒருமுறை உடைவு நேரும் காலத்துள் கிராமத்துக் கிளையில் இருமுறை நேருமாயின், கணக்கு மாறுகிறது: ஒருபுறம் 250, மறுபுறம் 150-இன் இருமடங்காகிய 300. கருவி கிராமத்துக்குச் செல்ல வேண்டும். இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்வது, குழாய் உடைந்த நாளும் இடமும் எழுதிவைக்கப்பட்ட ஒரு பழைய பதிவேடு. அப்பதிவேடு இல்லாத அலுவலகத்தில் எத்துணைச் சிறந்த கணினி இருந்தும் பயனில்லை.

இக்கணக்கை உண்மையான குழாய்வலையிற் செய்து பார்க்கும் மென்பொருள்கள் உள. அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈபாநெற் என்பது எவரும் இலவசமாகப் பெறத்தக்கது; குழாய்களின் நீளம், விட்டம், நீர்ப்பாவனை ஆகியவற்றைக் கொடுத்தால், எந்த நேரத்தில் நீர் எங்கே இருக்கும் என்று அது கணித்துக் காட்டும். 2006-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் இதற்கெனப் போட்டியொன்றே நடைபெற்றது. சுமார் 130 சந்திகள் கொண்ட சிறு வலையொன்றும், 12,500-க்கு மேற்பட்ட சந்திகள் கொண்ட பெருவலையொன்றும் பலநாட்டு ஆய்வாளர் குழுக்களிடம் கொடுக்கப்பட்டன. மதிப்பெண்ணுக்கு அளவுகோல்கள் நான்கு: எவ்வளவு விரைவில் அறிவது, அறியுமுன் எத்தனை மக்கள் பாதிக்கப்படுவர், எவ்வளவு தீயநீர் அருந்தப்படும், எத்தனை நிகழ்வுகள் கண்டறியப்படும் என்பன. நான்கிலும் ஒருங்கே முதன்மை பெறும் தீர்வு கிடைக்கவில்லை. ஊற்று, தாங்கி, இறைப்பு நிலையம் ஆகியவற்றின் அருகில் கருவி இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும், அனுபவத்தாற் பெற்ற ஊகம் மட்டும் போதாது, கணக்கின் துணை வேண்டும் என்பதும் அப்போட்டியால் தெரியவந்தன.

நான்கு அளவுகோல்களில் எதைக் கொள்வது என்பதைக் கணினி சொல்லாது. அது மனிதர் முடிவுசெய்ய வேண்டியது. பாதிக்கப்படும் மக்கள்தொகை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், கருவிகள் யாவும் நகரத்தையே சூழும். முல்லைத்தீவின் உள்ளூர்க் கிராமமொன்றுக்குக் குழாய் செல்லும் காலத்திலும் அதன் முறை வரவே வராது. மேலும் ஒன்று எண்ணத்தக்கது. வைத்தியசாலைக்கு அருகில் இருப்போர் நோயுற்றால், ஒரே நாளில் பலர் வருவதைக் கண்டு மருத்துவர் ஐயுறுவார். தொலைவிலுள்ள கிராமத்தில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் இரண்டொரு நாள் கைமருந்து செய்து பார்த்த பின்னரே பஸ் ஏறுவர். கருவி இல்லாமலே செய்தி விரைந்து வரும் இடத்தில் கருவியை வைத்து, செய்தி வராத இடத்தை வெறுமையாக விடுதல் பொருத்தமா? முதலிரு கருவிகளைத் தொகைக்கணக்கின்படி வைத்தாலும், மூன்றாவதையாவது, கேடு நேர்ந்தால் மிக நீண்ட நேரம் அறியாமலே குடிக்கக்கூடியவர்களின் குழாயில் வைத்தல் நியாயம். இதனையும் கணக்காகவே எழுதலாம்: சராசரிப் பாதிப்பைக் குறைப்பதற்குப் பதிலாக, ஆகக்கூடிய பாதிப்பைக் குறைக்குமாறு கேட்டால், அதே மென்பொருள் வேறு இடத்தைக் காட்டும்.

கடைக்கோடிக்கு இன்னொரு குறையும் உண்டு. குளோரீன் நேரஞ் செல்லச் செல்லக் குறைவது. வெப்பம் மிகுந்தால் விரைந்து குறையும். புதிதாகக் குழாய் போடும்போது, பல ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் குடித்தொகையை எண்ணி அகன்ற குழாய்களைப் போடுகின்றனர். தொடக்கத்தில் இணைப்புப் பெற்ற வீடுகள் சிலவே. அவர்களும் சமையலுக்குக் கிணற்று நீரையே விரும்பலாம். இதனால் அகன்ற குழாயில் நீர் நாட்கணக்கில் நிற்கிறது. வன்னியின் வைகாசி வெயிலில் மண்ணும் சூடு, தாங்கியும் சூடு. தாங்கியை விட்டுப் புறப்படும்போது நிறைவாக இருந்த குளோரீன் கடைசி வீட்டை அடையும்போது இல்லாமலே போகலாம்.

பாடசாலையை எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் மணியடித்தபின் அங்கே எவரும் குழாயைத் திறப்பதில்லை. சனியும் ஞாயிறும் நீர் குழாயிலும் கூரைத் தாங்கியிலும் நின்று சூடேறும். திங்கட்கிழமை காலை முதல் இடைவேளையில் நூறு பிள்ளைகள் ஓடிவந்து அருந்துவது அந்நீரையே. ஆகத்து விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் நாளில் நிலைமை இன்னும் மோசம். முதல் மணிக்கு முன்னரே குழாய்களைத் திறந்து பழைய நீரை ஓடவிடுதல் செலவில்லாத பரிகாரம். அவ்வாறே, பாடசாலை கருவிக்கும் நல்லிடமாகும். மின்சாரம் உண்டு, மதில் உண்டு, காவலாளி உண்டு, பல கிராமங்களில் குழாயின் கடைக்கோடியும் அதுவே. வீதியோரக் குழியில் வைத்த கருவி மாரியில் மூழ்கும்; பூட்டு உடைக்கப்படும்; தொலைபேசி அலை எட்டாத இடமானால் அது கண்ட செய்தி அதனிடமே தங்கும். கணக்குக் காட்டிய இடத்துக்கும் கருவி உயிர்வாழக்கூடிய இடத்துக்கும் இடையே பொறியியலாளர் ஓரளவு விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். குளோரீன் கருவியைக் காலந்தவறாது துடைத்துத் திருத்தாவிட்டால் அது பொய்யே சொல்லும். பொய் அபாய அறிவிப்பு மூன்றுமுறை வந்தால், நான்காவது முறை எவரும் எழுந்து போகார்.

மாரிகாலத்தை வேறாகக் கருத வேண்டும். 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை யாவரும் அறிவர். அத்தகைய வேளைகளில் பாலங்களை ஒட்டிய குழாய்கள் பெயர்ந்துபோகக்கூடும். மின்சாரம் நின்றால் இறைப்பும் நிற்கும். இறைப்பு நின்று குழாயினுள் அமுக்கம் குறையும்போது, சிறு விரிசல் வழியாகவும் சுற்றியுள்ள வெள்ளநீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. அமுக்கம் அளக்கும் கருவி குளோரீன் கருவியினும் மலிவானது, உறுதியானது. பாலந்தோறும் குளோரீன் கருவி வைக்க இயலாதெனினும், பள்ளமான சில இடங்களில் அமுக்கமானி வைப்பது இயலும். அமுக்கம் வீழ்ந்த செய்தி வந்தவுடனே அக்கிளையில் நீரைச் சோதிக்க ஆளை அனுப்பலாம்.

கருவி வரும்வரை காத்திருக்க வேண்டுவதுமில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையிலுள்ள சிறு நிறச்சோதனைப் பெட்டி எஞ்சிய குளோரீனைச் சில நிமிடங்களிற் காட்டும்: மாத்திரையை இட்டதும் நீர் இளஞ்சிவப்பானால் குளோரீன் உண்டு, நிறம் மாறாவிட்டால் இல்லை. அச்சோதனையை அலுவலகத்துக்கு அண்மையிலுள்ள குழாயிற் செய்வது எளிது; கடைக்கோடிப் பாடசாலையில் திங்கட்கிழமை காலையிற் செய்வது பயனுள்ளது. ஓராண்டு இவ்வாறு பல இடங்களிற் சோதித்து, கிடைத்த எண்களை ஊர்ப் படத்தில் குறித்து வந்தால், நிரந்தரக் கருவி எங்கே வேண்டும் என்பதை அப்படமே பெருமளவு சொல்லிவிடும். மக்கள் முறைப்பாடும் அப்படத்தில் இடம்பெற வேண்டும். நொக்கியாவில் வீட்டார் சொன்னதைக் கேட்டோம். சுன்னாகப் பகுதியிலும் கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருப்பதை முதலில் உணர்ந்தவர்கள் அந்நீரை அள்ளியவர்களே. தண்ணீர் மணக்கிறது என்று ஒரு தாய் கூறினால், எந்த வீதி, எந்த நேரம் என்று கேட்டெழுதும் எழுதுவினைஞர் ஒருவர் இருத்தல் வேண்டும்.

கடைசியாக ஒன்று. கருவியின் இடத்தைத் தீர்மானிக்கும் அதே கூட்டத்தில், அது இரவு இரண்டு மணிக்கு அபாயம் என்று அறிவித்தால் யாருடைய தொலைபேசி ஒலிக்கும், எந்த வால்வை யார் சென்று மூடுவார், கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்க யாரிடம் கேட்பது, விடியுமுன் பவுசர் எங்கிருந்து வரும் என்பனவும் தீர்மானிக்கப்படல் வேண்டும். வால்வு கருவிக்குக் கீழே, ஊருக்கு மேலே இருத்தல் வேண்டும். கருவியிலிருந்து வால்வுக்கு நீர் வந்துசேரும் நேரம் இருபது நிமிடமாகவும், வால்வைத் திருப்பும் பணியாளர் வந்துசேரும் நேரம் ஒரு மணியாகவும் இருந்தால், கருவியை இன்னும் மேலே நகர்த்த வேண்டும். அல்லது அப்பணியாளருக்கு அவ்வால்வின் அருகிலேயே ஒரு வீடு கொடுக்க வேண்டும்.